வைத்தியர் அறையில் நான் சொன்ன பொய்

அனுப்புநர்:
திருமதி மனோகரி மகேசன்,
மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
கட்டாய மனநலச் சிகிச்சைக் கண்காணிப்புக் குழு,
ஒஸ்லோ.

விடயம்: என் கணவர் மகேசன் (வயது 47) கட்டாயச் சிகிச்சையில் வைக்கப்பட்டிருப்பதற்கு எதிரான முறைப்பாடும், நான் கொடுத்த பொய் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

ஐந்து மாதங்களாக என் கணவர் பூட்டிய வார்டில் இருக்கிறார். அவரை அங்கே இருத்தியதில் என் பங்கு பெரியது. அதைத் திருத்தவே இந்த மனு. எனக்குத் தெரிந்த நோர்வீஜிய மொழி சலவைக்கூட வேலைக்குப் போதும், இதற்குப் போதாது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். தயவுசெய்து மொழிபெயர்ப்பித்து வாசிக்கவும்.

1. நாங்கள் இலங்கையின் கிழக்கே, வாகரைப் பக்கத்து வேடர். தமிழ்தான் பேசுகிறோம், கோயிலுக்கும் போகிறோம். ஆனால் அந்தக் காட்டிலும் கடற்கரையிலும் மற்ற எல்லோருக்கும் முன்பே இருந்தவர்கள். எங்களில் இறந்தவர்கள் புதைத்த மண்ணிலேயே இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்த மண்ணில் இலைப்பந்தல் போட்டு, தேனும் வெற்றிலையும் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், குடும்பத்தில் ஒருவர்மேல் வந்து பேசுவார்கள். பசியைச் சொல்வார்கள், குறையைச் சொல்வார்கள், பிறகு போய்விடுவார்கள். இதைச் சடங்கு என்போம்.

2. 1990இல் எங்கள் குடியிருப்பு எரிந்தபின் நானும் கணவரும் மூன்று வயது மகளோடு இங்கே வந்தோம். அவருடைய அண்ணன் பத்மநாதன் ஊரிலேயே நின்று ஆண்டு தவறாமல் சடங்கைச் செய்துவந்தார். 2006 கடைசியில் சண்டை வந்து எல்லோரும் ஓடினார்கள். திரும்பிப் போனபோது எங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி. மரங்களைத் தள்ளி நிலத்தை மட்டமாக்கியிருந்தார்களாம். உள்ளே கால் வைக்க விடவில்லை. 2008 ஏப்ரலில் பத்மநாதன் அகதிக் கொட்டிலில் காய்ச்சலில் இறந்தார். எங்கேயோ புதைத்தார்கள். எங்கே என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

3. அண்ணனுக்குப் பிறகு சடங்கு என் கணவரின் பொறுப்பு. சொந்த மண்ணுக்குப் போக முடியாதவன் தான் நிற்கிற மண்ணை முழங்கையளவு தோண்டி, அதில் காலை வைத்துக் கூப்பிடலாம் என்று ஒரு வழி உண்டு. யூன் 7ஆம் திகதி சனிக்கிழமை பகல், எங்கள் மாடிவீடுகளுக்குப் பின்னாலுள்ள காட்டோரத்தில் பேர்ச் மரக் கொப்புகளால் பந்தல் போட்டு, கிடங்கு தோண்டி, வெறுங்காலோடு நின்று கூப்பிட்டார். அண்ணன் வந்தார். கணவரின் உடம்பு பதறியது. பசிக்கிறது என்று குழறி அழுதார். நாயோடு நடந்துவந்த ஒரு பெண் பயந்துபோய்ப் பொலிசுக்கு அறிவித்தார். பொலிசார் பெயர் கேட்டதற்கு “பத்மநாதன்” என்றார். அட்டையில் இருந்தது மகேசன். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொலிசாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு என்ன தெரியும்?

4. எனக்குத் தெரிந்திருந்தது. ஐயா, இதை எழுதக் கை கூசுகிறது. அன்று பின்னேரம் வைத்தியர் என்னிடம், இது உங்கள் மக்களின் வழக்கமா என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர் திரு. தர்மலிங்கம். யாழ்ப்பாணத்தவர், கோயில் நிர்வாகசபையில் இருப்பவர், நல்ல மனிதர். கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டுத் தன் பாட்டில், “அக்கா, உங்கட சனம் இப்பிடியும் செய்யிறவையோ?” என்றார். பதினெட்டு வருடமாக நாங்கள் ஒஸ்லோவில் ஒருவருக்கும் வேடர் என்று சொன்னதில்லை. மட்டக்களப்பு ரவுண் ஆட்கள் என்றே சொல்லிவந்தோம். மகள் லக்ஷனாவுக்கு ட்வெய்ட்டாவிலுள்ள ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் கலியாணம் பேசி முற்றாகியிருந்த நேரம் அது. என் நாக்கு அழுகிப்போக, “இல்லை” என்றேன். “எங்களில அப்பிடி ஒரு வழக்கமே இல்ல” என்றும் சேர்த்துச் சொன்னேன். மனைவியே மறுத்துவிட்டார் என்று கோப்பில் எழுதினார்கள். அதற்குப் பிறகு கணவர் எத்தனை தரம் விளக்கியும், அந்த விளக்கத்தையே நோய் என்று எழுதிக்கொண்டார்கள்.

5. இந்த நாட்டின் வடக்கே வாழும் சாமி என்னும் பழங்குடி மக்களுக்குச் செய்த அநியாயத்துக்காக இந்த நாடு மன்னிப்புக் கேட்டதை முன்பு ஒருநாள் தொலைக்காட்சியில் பார்த்தோம். கணவர் கதிரையை விட்டு எழுந்து நின்று பார்த்தார். “இவங்களும் எங்களப்போல ஆக்கள்தான்” என்றார். சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டில் தமிழர்கள்.

6. மூன்று கிழமைக்கு ஒரு ஊசி போடுகிறார்கள். நாக்குத் தடித்துவிட்டது. தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். இறந்தவர்கள் பேசுவது நின்றுவிட்டது, நல்ல முன்னேற்றம் என்று வைத்தியர் என்னிடம் சந்தோசமாகச் சொன்னார். கடந்த சனிக்கிழமை கணவர் சொன்னது இது: “இப்ப ஒருத்தரும் வாறல்ல புள்ள. அண்ணனும் வாறல்ல. எங்க போய் நிக்கிறாரோ தெரியா.” ஐயா, அந்த மனிதருக்கு ஊரில் மண் இல்லை. வந்து நிற்க இருந்தது தம்பியின் உடம்பு ஒன்றுதான். அதையும் அடைத்துவிட்டோம். முதலில் அடைத்தவள் நான்.

7. மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எட்டு நாளாகிறது, அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் நானே போய்ச் சொல்வேன். சம்பந்தம் முறிந்தால் முறியட்டும்.

ஆகவே, அடுத்த ஊசி 20ஆம் திகதி வியாழக்கிழமை போடப்பட இருப்பதால், என்னை விசாரிக்கும்வரை அதை நிறுத்திவைக்க உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். விசாரணைக்கு அதே வைத்தியரை அழையுங்கள். மொழிபெயர்க்க வேறொருவரைத் தருவதாக வார்டில் சொன்னார்கள். வேண்டாம், ஐயா. திரு. தர்மலிங்கமே வரட்டும். அவர் முன்னால்தான் என் கணவரை மறுத்தேன். அவர் வாயாலேயே, ஓம், நாங்கள் வேடர், இது எங்கள் வழக்கம் என்று அந்த வைத்தியருக்குச் சொல்லப்பட வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) மனோகரி மகேசன்

இடம்: ஒஸ்லோ
திகதி: 10.11.2008