பூட்டுப் பெடலும் பீப்பாய் இல்லாத சந்தியும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
1999 ஆவணி 14

அன்பு மகள் இன்பமலருக்கு,

இதை எழுதும் நேரம்வரை அம்மாவுக்கும் எனக்கும் தேக சுகத்தில் குறையில்லை. மெல்பேர்ணில் உமது சுகமும், விசேடமாக உமது வலது மணிக்கட்டும், அவ்வாறே இருக்கப் பாலையூற்று லூர்து அன்னையை மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன். உமது கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. உறையின் ஓரம் வழியில் ஒருமுறை பிரித்து ஒட்டப்பட்டிருந்தது. சைக்கிள் பெடல் சம்பந்தமான விடயமாகையால் வாசித்தவருக்கும் ஏதேனும் பிரயோசனப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். இங்கே புதினம் அதிகமில்லை. மின்சாரம் வருகிறது, போகிறது. எங்கள் கந்தோர் நடத்தும் கப்பல்துறைக் காணி வழக்கு மறுபடியும் தவணையிடப்பட்டது. வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் ஒரே பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். அம்மா உமது பழைய சைக்கிளைச் சனிக்கிழமைதோறும் துடைத்து வைக்கிறார். ஓடாத சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டால், "நிக்கிற சாமானுக்கும் முகம் கழுவ வேணும்தானே" என்கிறார்.

இனி நீர் கேட்ட விடயம். நான் விளங்கிக்கொண்டது இவ்வளவு: இப்போது உமது துவிச்சக்கரவண்டியில் உள்ள பெடல், சப்பாத்தின் அடியில் பொருத்திய தட்டைக் கவ்விப் பிடிக்கும், குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். சென்ற மாதம் கடற்கரை வீதியில் உமது ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தோடு ஓடுகையில், கால் கழலாமல், வண்டியோடு சேர்ந்து பக்கவாட்டில் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டீர். கடைக்காரர் விலை உயர்ந்த வகை ஒன்றைக் காட்டி, அது பாரம் குறைந்தது, மிதிக்கும் பரப்பு அகலமானது, உள்ளே சுழலும் குண்டுகள் தரமானவை, காலையும் இலகுவாக விடும் என்று சொல்லியிருக்கிறார். அதை வாங்குவதா, அல்லது உமது சொல்லிலேயே எழுதினால், "சைக்கிளை வித்துப்போட்டு நிம்மதியா ட்ராமில போறதா" என்று என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறீர். முதற் கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாவது கேள்விதான் நித்திரை கொள்ள விடவில்லை. அங்கே போய் முதல் வருடம் முழுவதும் உமது கடிதங்களில் வேலையும் அறையும் மட்டுமே இருந்தன. மனிதர்களின் பெயர்கள் வரத் தொடங்கியது அந்தக் கூட்டத்தோடு நீர் சேர்ந்த பிறகுதான் என்பதை நாங்கள் இருவரும் கவனித்திருக்கிறோம்.

கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்து, "காலைப் பூட்டிப்போட்டு ஓடுற சைக்கிளோ? அதைக் கண்டுபிடிச்சவனுக்குத் தாய் தகப்பன் இல்லையோ?" என்று கேட்டார். எங்கள் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர் முஹம்மது தம்பி எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவர் என்பது உமக்குத் தெரியும். அவர், "ஐயா, எங்கட ஊரில கால்விலங்கைச் சும்மா போட்டு விடுவாங்க, அங்க காசு குடுத்து வாங்கிப் போடுறாங்க போல" என்றார். இது வெறும் பகிடியே என்பதை, இக்கடிதத்தையும் யாராவது பிரிக்க நேர்ந்தால், அவருடைய தகவலுக்காகக் குறித்து வைக்கிறேன்.

நான் இரு தரப்பையும் எடைபோட்டுப் பார்த்தேன். பாரம் குறையும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் உமது தண்ணீர்ப் போத்தலில் இரண்டு மிடறு குடித்தாலும் அவ்வளவு பாரம் குறைந்துவிடும். அகலமான பரப்பும் நல்ல குண்டுகளும் நாள் முழுவதும் ஓடுபவருக்கு உதவும், உமக்குச் சிறிதளவு உதவும். கால் இலகுவாக விடும் என்பது ஒன்றே உமது விழுகையோடு தொடர்புள்ள நியாயம். ஆனால் வைகாசியில் நீர் எழுதியபோது, சிவப்பு விளக்குகளில் எல்லாம் கால் "தன்பாட்டில கழருது" என்று சந்தோசப்பட்டிருந்தீர். ஒவ்வொரு விளக்கிலும் விட்ட பெடல் அன்று மட்டும் ஏன் விடவில்லை? விழுந்த இடத்தில் விளக்கு இருந்ததாகவோ, குழி இருந்ததாகவோ, நாய் குறுக்கே வந்ததாகவோ நீர் எழுதவில்லை. முன்னால் ஒரு பொலிஸ்காரர் நின்றார், அவர்தான் ஓடிவந்து தூக்கிவிட்டார் என்று மட்டும் எழுதியிருந்தீர். அவர் உம்மை மறித்ததாகவும் இல்லை. அந்த வசனத்தை நானும் முதலில் நின்று பாராமல் கடந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். துறைமுகச் சந்திக் காவலரண் உமக்கு மறந்திராது. பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் போகையில் வீதிக்குக் குறுக்கே வைத்த முதல் பீப்பாய்க்கு முன்னே குதித்து இறங்கி, உருட்டிக்கொண்டு போய் அடையாள அட்டையைக் காட்டி, கடைசிப் பீப்பாய்க்கு அப்பால் நீர் திரும்ப ஏறும் இடம். இம்மாதம் காவலரணை வளைவுக்கு அப்பால் மாற்றிவிட்டார்கள். சந்தியில் இப்போது பீப்பாயும் இல்லை, ஆளும் இல்லை. கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான் ஒன்றுதான் நிழலுக்குப் படுத்திருக்கிறது. சைக்கிளில் கந்தோருக்குப் போன நான் வழமையான இடத்தில் இறங்கி, உருட்டிக்கொண்டு, சட்டைப் பையில் அட்டையைத் தேடியபடி பாதித் தூரம் போன பிறகே நின்றேன். திரும்பிப் பார்த்தால் முஹம்மது தம்பியும் உருட்டுகிறார். அவருக்குப் பின்னால் மீன்காரர் ஒருவர், அவருக்கும் பின்னால் இரண்டு ஆசிரியைகள், எல்லோரும் வரிசையாக, மானுக்கு அட்டை காட்டப் போகிறவர்களைப்போல. ஏன் காணும் இறங்கினீர் என்று கேட்டேன். "ஐயா இறங்கினீங்க, நானும் இறங்கினன்" என்றவர், "அது சரி, ஐயா ஏன் இறங்கினீங்க?" என்று திருப்பிக் கேட்டார். கால் என்னைக் கேட்காமலே இறங்கியிருந்தது.

அந்த இடத்தில்தான் உமது பொலிஸ்காரர் என் ஞாபகத்துக்கு வந்தார். மகள், சீருடையைக் கண்டதும் உமது காலும் உம்மைக் கேட்காமல் இறங்கப் பார்த்திருக்கிறது. அங்கே பழகியபடி குதிக்காலைத் திருப்பி அல்ல, இங்கே பழகியபடி நேரே. பெடல் தன் வேலையைச் செய்தது. இது என் அனுமானம் மாத்திரமே. பிழையானால் திருத்தி எழுதும். சரியானால், பெடல்மீதும் குற்றமில்லை, உம்மீதும் குற்றமில்லை. எந்த விலையில் வாங்கினாலும் அந்த ஒரு கணத்தில் அது உதவாது என்பதே என் அச்சம்.

ஆகவே இப்போதைக்கு அதை வாங்க வேண்டாம். சப்பாத்துத் தட்டு தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றும். இப்போதுள்ள பெடலிலும் இறுக்கத்தைத் தளர்த்த ஒரு திருகாணி இருக்கக்கூடும். கடைக்காரரிடம் கேட்டுத் தளர்த்திக்கொள்ளும். அடுத்த வருடமும் நீர் ஓடிக்கொண்டிருந்தால், ஆசைக்காக நல்லதையே வாங்கும், எனக்கு ஆட்சேபனை இல்லை. சைக்கிளை மட்டும் விற்க வேண்டாம். விழுந்த அன்று அந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் கோப்பி வாங்கித் தந்து, வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள் என்ற பகுதியை அம்மா இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

உமக்கு இதைச் சொல்ல எனக்கு உரிமை வேண்டுமே. சந்தியில் இறங்கவேண்டும் என்ற கட்டளை எதுவும் இப்போது நடைமுறையில் இல்லை என்பதை இரண்டு இடங்களில் விசாரித்து உறுதிப்படுத்திய பின்னர், புதன்கிழமை காலை நான் இறங்காமல் போனேன். பீப்பாய் இருந்த இடம் வந்ததும் வலது கால் இறங்கப் பார்த்தது, மிதித்தேன். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. பின்னால் முஹம்மது தம்பி, "ஐயா, நான் வரட்டோ, நிக்கட்டோ?" என்று கத்தினார். வாரும் என்று சொல்லத் தலையைத் திருப்பவும் எனக்குப் பயம். வளைவுக்கு அப்பால், புதிய காவலரணில், முறைப்படி இருவரும் இறங்கி உருட்டினோம். வீட்டில் சொன்னபோது அம்மா, "உங்களுக்கென்ன, இந்த வயதில விசரோ?" என்று ஏசினார். பிறகு எழுதும் கடதாசியை எடுத்து வந்து வைத்து, "பிள்ளைக்கு எழுதுங்கோ" என்றார்.

அங்கே குளிர்காலமாகையால் காதை மூடிக்கொண்டு ஓடும். மணிக்கட்டில் வீக்கம் வற்றாவிட்டால் தாமதியாமல் எக்ஸ்ரே படம் எடுத்துப் பாரும். அதன் விபரத்தை அம்மாவுக்கென்று தனியாக இரண்டு வரி எழுத மறக்க வேண்டாம், எனக்கு எழுதுவதை நான் சுருக்கிச் சொல்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். வீதியில் இனிச் சீருடையில் ஒருவரைக் கண்டால், அவர் கைகாட்டி மறித்தாலொழிய, மிதித்துக்கொண்டே போம். இறங்கவேண்டிய இடங்களில் உமக்கும் சேர்த்து நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன்.

அன்னையின் காவலும் எங்கள் இருவரின் ஆசீரும் நீர் போகும் வழியெல்லாம் கூட வருவதாக.

என்றும் உமது நலம் நாடும் அப்பா,
தோ. இக்னேசியஸ்