ஜோடி 'இ' பிரிந்த காரணம்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். தண்ணி லாரி வரவில்லை. ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு அரிசி புடைத்தேன்.
11 மணிக்கு திவ்யா. பிஎச்.டி. பண்ற பொண்ணு. அதன் ஆராய்ச்சி இதுதான்: ரெண்டு பெண்கள் சேர்ந்து வீட்டிலேயே சமைத்து விற்ற தொழில்கள், நாலு ஜோடி. எது நிலைத்தது, எது பிரிந்தது, ஏன்? ஒன்றோடொன்று ஒப்பிட்டு அதிலிருந்து ஒரு கோட்பாடு எடுக்கணுமாம். நானும் கலாவும் ஜோடி 'இ'. ஃப்ளாட் பையன்களுக்கு மதியச் சாப்பாடு கொடுத்தோம். பிரிந்து பதினாலு மாசம்.
"பேர் வராது ஆன்ட்டி. நீங்க சொன்னது, அவங்க சொன்னது, ரெண்டும் இருக்கு. தப்பிருந்தா சொல்லுங்க." எழுதினதின் பிரதி ஒன்றைக் கொடுத்தது. பேட்டியப்போ வாங்கிப்போன என் பழைய நோட்டு நாலையும் திருப்பிக் கொடுத்தது.
இவர்: "உன் நோட்டைப் படிச்சு ஒருத்தி டாக்டராகப் போறாளா? எனக்கு இன்னும் டீயே வரல."
பேட்டிக்கு ஏன் சம்மதித்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கலா என் போனை எடுப்பதில்லை. இதிலாவது என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள் என்று.

ஜூலை 9, புதன்
கலா சொன்னது, பக்கம் 13:
"கைவலின்னு சொல்லி நின்னது பொய்தான். மேடை மேல அக்கா நோட்டு தொறந்துகினு இருந்துச்சி. பால் வந்த நேரம், கரண்ட் போன நேரம், நடுவுல என் பேரு. கலா 9.40. கலா 9.55. ஒரு வருஷத்துக்கு. வேலைக்காரிக்குக்கூட யாரும் இப்டி எழுத மாட்டாங்க."
எல்லாவற்றையும் எழுதுவேன். பழக்கம். அவளைப் பிடிக்கணும் என்று எழுதவில்லை. ரப்பே, நீ அறிவாய்.
குழம்பு அடிபிடித்தது. கைவலி என்று சொன்னாளே என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன் அன்று. வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 10, வியாழன்
பக்கம் 15-இல் திவ்யாவின் கோட்பாடு: தோழிகள் சேர்ந்து செய்யும் தொழிலில் ஒருத்தி மட்டும் பதிவு வைத்தால் நம்பிக்கை போய்விடும். படித்ததும் மனசு லேசானது. தப்பு நோட்டுடையது, என்னுடையது இல்லை. ரெண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.
லுஹர் தொழுதுவிட்டு ஜோடி 'அ' படித்தேன். அங்கேயும் ஒருத்திதான் எழுதுகிறாள். வரும் நேரம்கூட. இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள்! ஆனால் அவள் நோட்டில்: 9.30, பிள்ளைக்குக் காய்ச்சல். 9.50, பஸ் வரல.
நேரத்துக்குப் பக்கத்திலேயே காரணம். கேட்டிருக்கிறாள்.
என் நோட்டு நாலையும் அஸர் வரை புரட்டினேன். ஒரு காரணம்கூட இல்லை. ஒரே இடத்தில் 'மழை'. அதுவும் மாடியில் காயவைத்த மிளகாய்க்காக எழுதினது.
திவ்யாவுக்குப் போன் போட்டேன். உன் கோட்பாடு தப்பும்மா, நோட்டு காரணமில்லை, 'அ'வைப் பார், நான் கேட்கவே இல்லை என்றேன்.
அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம். பிறகு, "ஐயோ ஆன்ட்டி! 'அ' மட்டும் ஏன் பிரியலன்னு எங்க கைடு சார் மூணு மாசமா கேட்டுட்டிருக்கார். சூப்பர் ஆன்ட்டி!"
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவருக்குக் கேட்கக் கூடாதே.

ஜூலை 12, சனி
மேகமூட்டம். பூந்தமல்லியிலிருந்து பஸ். ஐயப்பன்தாங்கலில் இறங்கி நடந்தேன். கலா இளைத்திருக்கிறாள்.
"இன்னாக்கா, திடீர்னு?" நாற்காலியைத் துடைத்தாள்.
உட்காரவில்லை. "கலா, அப்பல்லாம் ஏன்டி லேட்டாச்சு?"
அடுப்பை அணைத்தாள். "அந்த ஒரு வருசமும் கேப்பீங்கன்னு பாத்துகினு இருந்தேன்க்கா."
"இப்ப சொல்லு."
"அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டேன். உங்களுக்குக் குடுக்கறதுல போட வேணாம்னு நான்தான் சொன்னேன்."
டீ கொடுத்தாள். சர்க்கரை கம்மியாக, எனக்குப் பிடித்த மாதிரியே. வாசல் கேட் வரை வந்தாள். பஸ் ஸ்டாப் வரை வரவில்லை.

ஜூலை 14, திங்கள்
மழை இல்லை. திவ்யா புதுப் பிரதி கொண்டு வந்தது. கோட்பாடு மாறிவிட்டது: எழுதுவதால் பிரிவதில்லை, கேட்காமல் எழுதுவதால் பிரிகிறார்கள்.
"இப்ப சரியா இருக்கா ஆன்ட்டி?"
"இருக்கு."
கலா சொன்ன காரணம் இந்தப் பெண்ணுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுகிறது. கேள்வி வாய் வரை வந்துவிட்டது. கலாவிடம் கேட்டிருக்க வேண்டியதை இதனிடம் கேட்கக் கூடாது.
தப்பில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.