நாற்பத்திரண்டு ஜன்னல்கள்

திங்கட்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் மகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வருடம் கழித்து இவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். போனிலேயே பேசலாம்தான். ஆனால் நீ "ம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பாய். எனக்குக் கோபம் வரும், வைத்துவிடுவேன். கடிதம் என்றால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடலாம்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது. பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள். யாரிடமும் காட்டிச் சிரிக்காதே. உனக்குக் கல்யாணமான புதிதில் நீ மாமியார் ஊரில் இருந்தபோது நான் போட்ட கடிதத்தை உன் நாத்தனாரிடம் காட்டினாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். அது ஒரு வியாழக்கிழமை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் நேற்று எனக்குப் போன் செய்தாள். "பெரியம்மா, நான் பேசினது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். தெரிந்தால் தெரியட்டும். நீ வேலை பார்க்கும் தையல் கடை அம்மாவுக்கு மூட்டு வலியாம், இனிமேல் நின்றுகொண்டு துணி வெட்ட முடியாதாம். வெட்டும் மேஜையை உனக்கே விட்டுவிடுகிறேன் என்கிறாராம். கூடவே நூலகத்தில் குழந்தைகள் படிக்கும் அறைக்கு சுவரில் தொங்கவிட ஒரு பெரிய ஒட்டுத்துணிப் போர்வையும், தரையில் உட்கார அறுபது மெத்தையும் கேட்டிருக்கிறார்களாம். படம் போடுவது, வெட்டுவது எல்லாம் உன் இஷ்டமாம். நீ மாட்டேன் என்றாயாம். மாசக் கடைசி சனிக்கிழமைக்குள் நீ சரி சொல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒரு கட்டிங் மாஸ்டரை வைத்துவிடுவாராம். நீ பழையபடி மூலையில் உட்கார்ந்து ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஏன் மாட்டேன் என்றாள் என்று கேட்டேன். அதற்கு உன் மகள், "தனக்கு வெட்ட வராதுன்னு அம்மா சொல்றாங்க பெரியம்மா. கேட்டா, அக்காவே சொல்லிட்டாங்கங்கறாங்க" என்றாள்.

சொன்னேன்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டரம்மா தன் மகள் கல்யாணத்துக்குக் கேட்ட ஜன்னல் போர்வையை நீ மறந்திருக்க மாட்டாய். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் போட்ட படம் அது. குறுக்கே ஆறு, நெடுக்கே ஏழு, மொத்தம் நாற்பத்திரண்டு துணித் துண்டு, துண்டுக்கு ஒரு ஜன்னல். ஒன்றில் விளக்கு, ஒன்றில் காயும் துண்டு, ஒன்றில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் புருஷன் பெண்டாட்டி. ஒரு ஜன்னல்போல இன்னொன்று இருக்கக் கூடாது என்று எவ்வளவு யோசித்தேன். கடைசியில் விரித்தால், மேலே ஒழுங்காக இருந்தது, கீழே வரவர அகலமாகி நெளிந்து நெளிந்து கிடந்தது. டாக்டரம்மா நம் கூடத்துக்கே கொண்டுவந்து, "வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டில்ல விரிச்சா அலை அடிக்குதே" என்று கொடுத்துவிட்டுப் போனார். கூடத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

வெட்டுவதற்கு மேல் மூன்று வரிசை நான், கீழ் நாலு வரிசை நீ என்று பிரித்துக்கொண்டோம். கெட்டது கீழ் நாலு. அதனால்தான் அத்தனை பேர் முன்னால், "இவளுக்குக் கத்தரி பிடிக்கவே தெரியாது. இனிமே இவ கையில யாரும் துணி குடுக்காதீங்க" என்றேன். நீ கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். மூன்று மாதத்தில் உன் வீட்டுக்காரருக்கு மாற்றல் என்று ஊரையே விட்டுப் போனாய். சொல்லிக்கொண்டு போகவில்லை. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இருந்தாலும் நான் மூத்தவள். நீ வெட்டிக் கெடுத்ததை நான் மன்னித்துவிட்டேன். அந்த வேலையை எடுத்துக்கொள். பயமாக இருந்தால் பெரிய துணியை வேறு யாரையாவது வெட்டச் சொல், சின்னத் துண்டுகளை நீ வெட்டு.

இன்னொரு செய்தி. என் பேத்தி மாசமாக இருக்கிறாள், ஏழு மாதம் முடியப் போகிறது. தொட்டில் பிள்ளைக்கு ஒரு சின்னப் போர்வை வேண்டும் என்கிறாள். புதுத் துணி வேண்டாமாம், பாட்டி கை பட்டதுதான் வேண்டுமாம். அலமாரி மேல் கட்டி வைத்திருந்த ஜன்னல் போர்வையை இறக்கியிருக்கிறேன். பிரித்து, நல்லதாக ஒரு பத்து ஜன்னலை எடுத்துத் தைக்கப் போகிறேன். இத்தனை வருடம் அதை யாருக்கும் கொடுக்கவும் இல்லை, போர்த்திக்கொள்ளவும் இல்லை. தண்ணீரில்கூட நனைக்கவில்லை.

பதில் எழுது. எழுதாவிட்டால் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் மூத்த சகோதரி


செவ்வாய்க்கிழமை

தங்கச்சிக்கு,

போன வாரம் போட்ட கடிதம் வந்து சேர்ந்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடு. இன்னும் வரவில்லை என்றால், வந்ததும் பிரிக்காமல் கிழித்துவிடு. நீ பிரித்துத்தான் பார்ப்பாய், எனக்குத் தெரியும். அதனால்தான் இதை உடனே எழுத உட்கார்ந்தேன். உடனே என்றா சொன்னேன். நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். பேத்தி வந்து தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பாட்டி, இன்னும் தங்கச்சிக்குன்னு மட்டும்தான் இருக்கு" என்று கேலி செய்கிறாள்.

இங்கே மழை விட்டுவிட்டது. தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். கண்ணாடி மாற்றினேன், இப்போது ஊசியில் நூல் கோர்க்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இதெல்லாம் சொல்ல வந்தது இல்லை.

போர்வையைப் பிரித்தேன். முதலில் அடித்துணி, பிறகு பஞ்சு விரிப்பு, கடைசியாக ஜன்னல்கள். நீ போட்ட தையல் பல்லில் கடித்தாலும் வரவில்லை. பிளேடால் ஒவ்வொரு கண்ணாக அறுத்தேன். கெட்டுப்போன கீழ் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். நல்லதை அப்புறம் பார்க்கலாம் என்று.

துண்டைத் திருப்பி மேஜையில் வைத்தால், பின்பக்கம் பென்சில் கோடு. மெல்லிய கோடு இல்லை. பட்டையான சிவப்புக் கோடு. தச்சு வேலை செய்யும்போது உன் அத்தான் காதில் செருகி வைத்திருப்பாரே, அந்தப் பென்சில். நீ அதைத் தொட மாட்டாய். துணியில் கறை ஏறும் என்று சண்டை பிடிப்பாய். நீ எப்போதும் தேய்ந்த சோப்புத் துண்டால்தான் கோடு போடுவாய். அந்தப் பென்சிலால் துணியில் கோடு போடுகிற ஆள் இந்த வீட்டில் ஒருத்திதான்.

ஒன்று மட்டும் அப்படி இருக்கும் என்று அடுத்ததைத் திருப்பினேன். அதுவும். அதற்கடுத்தது. இருபத்து நாலும் சிவப்பு. பேத்தி பக்கத்தில் ஸ்கேலோடு உட்கார்ந்து அளந்தாள். மேலிருந்து முதல் துண்டு ஒன்பதரை இன்ச். அதற்கடுத்தது ஒரு மயிரிழை கூட. அப்படியே ஏறி ஏறி, கடைசித் துண்டு பத்து இன்ச். ஆறு துண்டு சேர்ந்தால் கடைசி வரிசையில் கிட்டத்தட்ட மூன்று இன்ச் கூடுதல். அலை அடிக்காமல் என்ன செய்யும்? எதுக்குப் பாட்டி இப்படிப் பெருசாகிட்டே போகுது என்று அவள் கேட்டாள். தைக்கிறவளுக்கு அது பார்த்ததுமே தெரியும். அளவு அட்டையை வைத்து வெட்டவில்லை. முன்னால் வெட்டின துணியையே அடுத்த துணிமேல் வைத்து, அதைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கோட்டின் பருமன் கூடிக்கொண்டே வரும். நாம் தையல் பழகிய முதல் வாரமே செய்யாதே என்று சொல்லிக்கொடுத்த தப்பு.

அதற்கப்புறம்தான் மெதுவாக எல்லாம் வந்தது. பிரித்துக்கொண்டது என்னவோ மேல் மூன்று எனக்கு, கீழ் நாலு உனக்கு என்றுதான். அந்த வாரம் உன் மகளுக்குக் காய்ச்சல். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுகிறேன், குறைந்ததை எனக்குக் கொடு என்று நீ மூன்று வரிசைத் துணியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு போனாய். மீதி நாலு எனக்கு. பேசி வைத்தது ஞாபகம் இருக்கிறது, மாற்றிக்கொண்டது போய்விட்டது. என் ஞாபகத்தை இனிமேல் நானே நம்ப மாட்டேன்.

அட்டை உன் வீட்டில். இரண்டு தெரு தள்ளி. போய் வாங்கியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் பூனை ஜன்னலுக்காகச் சண்டை போட்டோம். பூனையை ஓரத்தில் வை, வெளியே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றாய் நீ. என் படத்தில் பூனை எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றேன் நான். அந்தக் கோபத்தில் உன் வாசலில் வந்து நிற்க மனசு வரவில்லை. உன் அத்தான்கூட, "நான் போய் வாங்கிட்டு வரட்டுமா" என்று கேட்டார். ஒண்ணும் வேணாம், எனக்குத் தெரியும் என்றேன். துணிமேல் துணியை வைத்து வெட்டித் தள்ளினேன்.

இன்னொன்றும் நினைத்துப் பார்த்தேன். அதுதான் நாலு நாள் ஆகிவிட்டது. நாற்பத்திரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்தவள் நீ. ஒவ்வொன்றின் முதுகும் உன் கண்ணில் பட்டிருக்கும். சிவப்புக் கோட்டைப் பார்க்காமலா தைத்தாய்? அதிகமாக இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி உள்ளே இழுத்துத் தைத்திருக்கிறாய், பிரிக்கும்போது பார்த்தேன். என்னிடம் சொல்லாமலே சரிக்கட்டப் பார்த்திருக்கிறாய். அப்புறம் கூடத்தில் பதினொரு பேர் முன்னால் நான் உன்னை அப்படிச் சொன்னபோது, போர்வை மேஜைமேல்தானே கிடந்தது? ஒரு ஓரத்தைப் பிரித்துத் திருப்பிக் காட்டியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். ஏன்டி காட்டவில்லை? இது ஒன்றுக்காக உன்மேல் புதிதாக ஒரு கோபம் வைத்திருக்கிறேன். மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். நாத்தனார் விஷயத்தையும்.

அந்தப் பதினொரு பேரில் இப்போது இருப்பது ஏழு பேர். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். தப்பு என்னுடையது, வெட்டினது நான் என்று சொன்னேன். அத்தைக்குக் காது மந்தம், மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். நம் தம்பி சிரித்தான். அவர்கள் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் என்னைக் கோர்ட்டு என்று சொல்வது எனக்குத் தெரியாது என்று நினைப்பு. "கோர்ட்டே தப்பாத் தீர்ப்பு சொல்லிருச்சா? அப்ப நாங்க எங்க போய் அப்பீல் பண்றது" என்றான். பேசட்டும். மற்ற ஐந்து பேருக்கும் நான் அப்படி ஒன்று சொன்னதே ஞாபகம் இல்லை. எந்தப் போர்வை, என்ன சொன்னே என்று என்னையே கேட்கிறார்கள். கூடத்தில் இருந்தவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள். நீ ஒருத்திதான் அதை இருபத்திரண்டு வருடம் வைத்துக்கொண்டு, கத்தரியைத் தொடாமல் இருந்திருக்கிறாய்.

மேல் மூன்று வரிசையையும் நேற்றுப் பிரித்து முடித்தேன். உன் பதினெட்டுத் துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். சீட்டுக்கட்டு மாதிரி நின்றது. விரலால் ஓரத்தைத் தடவினேன், ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தரியால் வெட்டினது. இதைவிட நேராக வெட்டின துணியை நான் பார்த்தது இல்லை. நான் வெட்டினதிலும் பார்த்தது இல்லை. இந்த இரண்டு வரி எழுத ஒரு காப்பி ஆறிப்போனது.

தொட்டில் போர்வையை உன் துண்டுகளை வைத்தே தைக்கிறேன். பேத்தியிடம் சொல்லிவிட்டேன், இது உன் பாட்டி வெட்டினது இல்லை, சின்னப் பாட்டி வெட்டினது என்று. பரவாயில்லை என்றாள். பரவாயில்லையா என்று திட்டினேன்.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சொல்கிறார். மறுநாள் சனிக்கிழமை. கடைக்கார அம்மா கெடு வைத்த நாள். நீ காலையிலேயே போய்விடு. நீ மாட்டேன் என்றதற்குக் காரணம் நான் சொன்ன பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய். அதை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன் என்று அந்த அம்மாவிடம் சொல். நம்பாவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. யாரிடமும் காட்டாதே என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன். பிழையோடு காட்டு.

குழந்தைகள் அறைக்கு என்ன படம் போடலாம் என்று எனக்கு நாலைந்து யோசனை வந்தது. ஒன்றையும் எழுதப்போவதில்லை. நீயே போடு. முதல் துணி கோணலாகப் போனால் போகட்டும், அடுத்ததை வெட்டு. கை பழகியதுதான், மறக்காது.

எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. உனக்கு என்மேல் இருக்கும் கோபத்தை உடனே விட்டுவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. எத்தனை நாள் வேண்டுமோ வைத்துக்கொள். ஆனால் சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து நான் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அம்மா வெட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று உன் மகளை ஒரு வார்த்தை சொல்லச் சொல். நீயே பேசினாலும் சரி. "ம்" என்று மட்டும் சொல், வைக்க மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கை நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா