காற்றுப் படாத இடம்

ஜூன் 3, செவ்வாய்

மாவுக்கட்டுப் போட்டு இன்று பதினோராம் நாள். இன்னும் முப்பத்தொன்று.

அக்கா வீட்டின் பின்னறை. பத்துக்கு எட்டு. ஒரு கட்டில், மூலையில் ஓடாத தையல் மெஷின், கம்பி போட்ட ஒரு ஜன்னல். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே தூக்கி வந்து போட்டுவிட்டார்கள். இடது காலில் முழங்கால் வரைக்கும் தூண். கழிவறைக்குப் போய்த் திரும்ப, ஊன்றுகோல் இரண்டையும் தேடிக் கதவிடுக்கில் நுழைத்து — ஏழு நிமிடம். அளந்து பார்த்தேன். வேறு வேலை என்ன இருக்கிறது?

யார் கேட்டாலும் வழுக்கிவிட்டது என்கிறேன். இங்கே மட்டும் எழுதலாம். ஆலையில் பாய்லர் மேடை ஏணியில் கடைசி நாலு படியை இறங்கப் பொறுமையில்லாமல் குதித்தேன். மூன்று விநாடி மிச்சம். அதற்கு ஆறு வாரம்.

ஜூன் 5, வியாழன்

அத்தான் எங்கிருந்தோ ஒரு பழைய கிரில் அடுப்பு வாங்கி வந்திருக்கிறார். மூடி போட்ட இரும்புத் தொட்டி, மூன்று கால், அதில் ஒன்று ஆட்டம். கூடவே ஒரு மூட்டை மரக்கரி. அச்சில் வார்த்தது இல்லை. கட்டை கட்டையாக, கிளையின் வளைவு கூடத் தெரிகிற கரி.

துணிக்கடையில் பதினெட்டு வருஷம் நின்ற மனிதர். கடை மூடி ஐந்து மாதமாகிறது. அக்காவின் லேப் வேலையில்தான் வீடு ஓடுகிறது. இனி சனி, ஞாயிறு சாயங்காலம் கோழி சுட்டு ஆர்டருக்குக் கொடுக்கப் போகிறாராம். ஆறு வீடு சொல்லியிருக்கிறதாம். இதுவும் படுத்துவிட்டால் வெளியூரில் கிடங்கு வேலைக்குப் போக வேண்டியதுதான், மாதம் ஒருமுறைதான் வர முடியும் என்று அக்காவிடம் அவர் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

இந்த வீட்டில் காஸ் அடுப்பைக்கூட அவர் பற்றவைத்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 7, சனி

என் ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி வைத்துப் பற்றவைத்தார். கரியைத் தொட்டி முழுக்கப் பரப்பி — பரப்பி! குவிக்கக்கூட இல்லை — கதவுக்குப் பெயின்ட் அடித்து மிஞ்சின தின்னரை அதன் மேல் ஊற்றித் தீக்குச்சியைப் போட்டார். ஆளுயரத்துக்கு எழுந்தது. முன்மயிர் பொசுங்கிப் பின்னால் தாவினார். இரண்டு நிமிடம் ஆர்ப்பாட்டம், அப்புறம் ஒன்றுமில்லை. எரிந்தது தின்னர், கரி அப்படியே இருந்தது.

ஏழு மணிக்கு எதிர்வீட்டு நர்ஸ் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். கோழியில் பெயின்ட் வாசனை. "பரவால்லைங்க, வேற தர்றேன்" என்றார் அத்தான். துணி விற்ற வாய்.

ஜூன் 8, ஞாயிறு

சாயங்காலம் மறுபடி பற்றவைத்தார்.

கரி பாதி பற்றி, மேலே சாம்பல் படிந்து, செத்தது மாதிரிக் கிடந்தது. அவர் தின்னர் டப்பாவைச் சாய்த்தபடி நெருங்குகிறார். நீறு பூத்த நெருப்பு என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அது இதுதான் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றாதா? சூட்டில் ஊற்றினால் விழுகிற தாரையைப் பிடித்துக்கொண்டே தீ டப்பாவுக்கு ஏறிவிடும். எழுந்து ஓட முடியாது எனக்கு. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தத்தான் முடிந்தது.

"அத்தான், கீழ வைங்க அதை. அறிவிருக்கா உங்களுக்கு?"

வைத்துவிட்டார். இந்தப் பக்கம் திரும்பித் தலையாட்டினார், ஏதோ நான் அளவு சொல்லி அவர் குறித்துக்கொண்ட மாதிரி. பக்கத்து மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

சொன்னது சரி. சொன்ன விதமா? உயிர் போகிற இடத்தில் என்ன விதம் வேண்டிக் கிடக்கிறது?

ஜூன் 10, செவ்வாய்

ஜன்னல் வழியாகவே வேலை வாங்கினேன். பெரிய எண்ணெய்த் தகர டப்பா, மேலும் கீழும் வெட்டியாச்சு. அடியில் சுற்றிலும் ஆணியால் துளை. மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கம்பி வலை. பக்கத்தில் ஒரு மரப்பிடி. வலைக்குக் கீழே கசக்கின செய்தித்தாள் இரண்டு, மேலே கரி. கரித்தூளைச் சலித்து ஒதுக்கிவிட்டுக் கட்டைகளை மட்டும் போட வேண்டும். தாளைக் கொளுத்தினால் போதும். காற்று அடியில் நுழைந்து தானே மேலே இழுக்கும். தின்னரே வேண்டாம். பதினைந்து இருபது நிமிடத்தில் மேல் கட்டைகளின் ஓரம் வெளுக்கும். அப்போது தொட்டியில் கவிழ்த்தால் முடிந்தது.

ஒரே தடவையில் பற்றியது. அத்தான் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஊதவே இல்லையேப்பா" என்றார்.

நானும் ஊதவில்லை. இந்த அறையில் இன்றைக்குத்தான் ஒரு மணி நேரம் மணி பார்க்காமல் போயிற்று.

ஜூன் 14, சனி

காற்று. டப்பாவைக் கவிழ்த்தபோது கட்டைகள் படபடவென்று வெடித்தன. மரக்கரியின் குணம் அது. பொறி பறந்து கொடியில் காய்ந்த போர்வையில் ஏழெட்டு ஓட்டை. ஒன்று அவர் கழுத்தில் விழுந்தது.

வலி, புழுக்கம், கட்டுக்குள் அரிப்பு எல்லாம் சேர்ந்துகொண்டது எனக்கு. "காத்துல கொண்டுபோய் வெச்சா பொறி பறக்காம பூவா பறக்கும்? காத்து படாத இடமாப் பாத்து வைக்கக்கூடத் தெரியாதா? இதெல்லாம் ஒருத்தன் சொல்லணுமா?"

அதற்கும் தலையாட்டினார்.

அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறும். பேசமாட்டார். துணி மாதிரி மடிந்துவிடுவார்.

ஜூன் 15, ஞாயிறு

கிரில் அடுப்பைக் காணோம். வீட்டின் மறுபக்கத்துக்கு, வண்டி ஷெட் வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார். ஜன்னலில் இப்போது மூன்று கால் அழுந்தின தடமும் கொடியும்தான்.

ஜூன் 17, செவ்வாய்

அக்கா தட்டை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

"உன் கால்தான் உடைஞ்சுது. டாக்டர்கிட்ட சொல்லி வாய்க்கும் ஒரு கட்டுப் போட்டு அனுப்பிருக்கணும்."

நான் சொன்னதில் ஒன்றாவது தப்பா என்று கேட்டேன். தப்பில்லையாம். பதினெட்டு வருஷம் கண்டவர்கள் திட்டியதையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டவர், வீட்டிலும் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டாள். அப்புறம், ஒன்பது வீடு ஆகியிருக்கிறது, கெடுத்துவிடாதே என்றாள்.

அவர் இந்த அறைக்கு வந்து மூன்று நாளாகிறது. நான் போகலாம். ஏழு நிமிடம்தான்.

போகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மழை. கட்டுக்குள் ஸ்கேலை விட்டுச் சொறிந்தேன். ஸ்கேல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அரை மணி நேரம்.

ஜூன் 21, சனி

எழுத வரவில்லை. அத்தான் உயிரோடு இருக்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

நேற்று நாலு மணிக்குச் சரியான சாரல். அக்கா லேபில். அத்தான் தாள் கசக்குகிற சத்தம் வண்டி ஷெட் பக்கம் கேட்டது. பிறகு ஷட்டர் இறங்கும் சத்தம். மழைக்கு ஏதோ செய்கிறார் என்று படுத்துக்கொண்டேன்.

நாலரைக்கு அவர் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. கடையில் நின்ற ஆள்; இரண்டாவது மணிக்கு மேல் அடிக்க விடமாட்டார், குளிக்கும்போதுகூடச் சோப்புக் கையோடு எடுப்பார். மூன்றாவது முறை அடித்தது.

அப்போதுதான் உறைத்தது. மழை. ஷட்டர். கரி. காத்து படாத இடம்.

நான் சொன்ன இடம்.

ஊன்றுகோல் ஒன்றுதான் கைக்கு வந்தது. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. சமையலறை வாசலில் விழுந்தேன், வெளியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு போனேன். ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. புகை போனால் போதும் என்று அவ்வளவு விட்டிருக்கிறார். ஊன்றுகோலைக் கொடுத்து நெம்பினேன். உள்ளே புகையே இல்லை. டப்பாவில் கரி அழகாக, ஒரே சீராகப் பற்றியிருந்தது. அவர் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "தலை வலிக்குதுப்பா, இதோ எழுந்திருக்கறேன்" என்றார். எழவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டைக் காலரைப் பற்றி இழுத்தேன். எழுபது கிலோ இருப்பார். மழையில் கொண்டுவந்து போட்டதும் வாந்தி எடுத்தார். நர்ஸ் குடையில்லாமல் ஓடி வந்தார். போன் அடித்தது அவர்தானாம். ஒரு கோழியை இரண்டாக்கச் சொல்ல.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன். இன்று காலை இட்டலி இல்லையா என்று கேட்கிற அளவுக்குத் தெளிந்துவிட்டார். இன்னும் அரை மணி போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

கரி பற்றும்போது வருகிற விஷவாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆலையில் அதை அளக்கிற கருவி தினமும் என் சட்டைப்பையில் இருக்கும். கூவினால் வெளியே ஓடிவிடுவோம். எனக்கு அது அ, ஆ மாதிரி. தின்னருக்குக் கத்தினேன், தூளைச் சலிக்கச் சொன்னேன், பொறிக்குக் கத்தினேன். இதை மட்டும் சொல்லவில்லை. இதெல்லாம் ஒருத்தன் சொல்லணுமா — என்று கேட்டேன்.

சொல்லணும்டா. நீதான் சொல்லணும்.

ஜூன் 24, செவ்வாய்

நனைந்து உடைந்த மாவுக்கட்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். எலும்பு கொஞ்சம் விலகியிருக்கிறதாம். இன்றிலிருந்து ஆறு வாரம். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

மழைக்குப் பயந்து நானேதான் உள்ளே வைத்தேன் என்று அத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். இல்லை, நான்தான் காற்றுப் படாத இடத்தில் வைக்கச் சொன்னேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "நீ கத்தினது நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கு. எனக்குத் தெரியாதா?"

திட்டுவாள் என்று காத்திருந்தேன். கட்டு ஈரமாகிவிடாமல் என் காலுக்கடியில் பிளாஸ்டிக் விரிப்பைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

ஜூன் 26, வியாழன்

அத்தான் வந்தார். தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைச் சுற்றினார்.

நான் ஏதோ ஆரம்பித்தேன். மன்னிப்பு எனக்குச் சரியாக வராது. வாக்கியம் பாதியில் நின்றது. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை போலிருக்கிறது.

"தம்பி, நீ திட்டறது எனக்குப் பழக்கந்தான். செய்யாதேன்னு சொல்லும்போது, ஏன்னும் சேத்துச் சொல்லு. ஏன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கு மழையிலயே நின்னுருப்பேன்."

சாயங்காலம் வரை சொன்னேன். தூள் ஏன் கூடாது, ஓரம் ஏன் வெளுக்க வேண்டும், கதவு எவ்வளவு திறந்திருந்தாலும் கூரைக்கடியில் ஏன் கூடவே கூடாது, அணைந்த சாம்பலைக்கூட மூடி போட்ட இரும்பு வாளியில் இரண்டு நாள் வைப்பது எதற்கு. நடுநடுவே கேள்வி கேட்டார். இரண்டு கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

அந்தக் கிரில்லை விற்றுவிடலாம் என்கிறாள் அக்கா. பார்க்கலாம் என்கிறார் அவர்.

ஜூலை 4, வெள்ளி

இன்றைக்கு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜூலை 5, சனி

மழை இல்லை. பின்பக்கம் வெட்டவெளியில், சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிக் கிரில். எனக்கு ஒரு நாற்காலி, காலுக்கு ஒரு ஸ்டூல். அக்கா லேபுக்கு விடுப்புப் போட்டுவிட்டு வாசற்படியில் கைகட்டி நின்றாள். இன்றைக்கு ஏதாவது சரியில்லை என்றால் கிடங்கு வேலைக்குச் சரி சொல்லிவிடுவதாகப் பேச்சு.

ஐந்து வீடுதான் ஆர்டர். பயந்தவர்கள் போக மிச்சம். நாலு பத்துக்குத் தாளைக் கொளுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. நாலு பதினெட்டுக்கெல்லாம் நர்ஸ் வந்து நின்றுவிட்டார், டியூட்டிக்கு நேரமாகிறது என்று. மேலே தீ நாக்கு நன்றாகத் தெரிந்தது. எழுந்து ஒற்றைக் காலில் இரண்டு தாவு தாவி, கவிழ்த்துவிடலாம் என்று டப்பாவின் பிடியைப் பிடித்தேன்.

"டேய், எடு கைய. ஓரம் வெளுத்திருக்கா? கண்ணு தெரியல உனக்கு?"

அத்தான்தான். குரல் பக்கத்து மாடி வரைக்கும் போயிருக்கும். வாசற்படியில் அக்கா கட்டியிருந்த கையைப் பிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையை எடுத்தேன். என் நாற்காலியை நர்ஸ் பக்கம் தள்ளி, உட்காரச் சொன்னேன். இன்னும் ஒன்பது நிமிடம் ஆகும் என்றேன்.