ஒரு மணி நேரம் கேட்டீர்கள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை என் கணினித் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. பேக்கப் மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, உடனே பேட்ச் போட்டு அதை அடைத்துவிடுங்கள் என்று. யாரையும் கேட்காமல் சர்வரை நிறுத்தி, பேட்ச் போட்டு முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நாம் வேலை பார்த்த திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இதே மாதிரி ஓர் அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமை என் அறைக்கு வந்தீர்கள். கணினிப் பிரிவு உங்கள் பொறுப்பு. ஆனால் நிர்வாக அதிகாரியான நான் சரி என்றால்தான் சர்வரை நிறுத்த முடியும்.

“நோயாளிங்க ரெக்கார்ட காப்பி எடுத்து வைக்கிற சாப்ட்வேர்லயே ஓட்டை தம்பி. பாஸ்வேர்டு இல்லாமலே எவன் வேணா உள்ள பூந்துடலாம். ஒரு மணி நேரம் நிறுத்திக் குடு, அடைச்சிடறேன்.”

“கூட்டம் வந்துக்கினே இருக்குக்கா. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.”

“அதுவரைக்கும் அவன் காத்துக்கினு இருப்பானா?”

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை எந்தக் கோப்பும் திறக்கவில்லை. யாரோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டியிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகவே வந்ததால் பேக்கப்பையும் அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். நீங்கள் ஒவ்வொரு டிஸ்க்காகத் தேடினீர்கள். நான் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் சும்மா நின்றேன்.

அன்று கண்டமங்கலத்திலிருந்து ஒருவர் மனைவியைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு மூளையில் கட்டி. பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டால்தான் வளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் சொல்ல முடியும்.

“வீட்டுல சிடி எதுனா இருக்குங்களா?” என்று அவரிடம் கேட்டீர்கள்.

“இல்லம்மா. மூணு வருசத்து ஸ்கேனும் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குதுன்னு சொன்னாங்களே.”

நீங்கள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டார். பேட்ச் ஏன் போடவில்லை என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மேசையைப் பார்த்தேன்.

“என் பொறுப்புதான் சார்” என்றீர்கள். அன்றே வேலையை விட்டுப் போனீர்கள்.

மனசு கேட்காமல் விழுப்புரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நடந்ததை முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“சொன்னா அந்தம்மா ஸ்கேன் திரும்பி வந்துடுமா? உனக்குக் கைக்கொழந்த இருக்கு. போ, பஸ்ஸப் புடி.”

நானும் போய்விட்டேன். இன்னொரு முறை வற்புறுத்தக்கூட இல்லை.

நாலு வருடம் கழித்து நோய் உங்களைக் கொண்டுபோனது. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது உங்கள் கணவர் என் தோளைத் தொட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க சார். அந்த வேலைய அவ ஏன் உட்டான்னு கடைசி வரைக்கும் என்கிட்ட சொல்லவேயில்ல. உங்களுக்கு எதுனா தெரியுங்களா?”

“தெரியலங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். போன மாதம் அவரும் இறந்துவிட்டார். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள இனி யாரிடம் போவேன் அக்கா?