உச்சியைத் திறந்தவள்

1986 ஏப்ரல் 12, சனி

செம்பூர் மைதானத்தில் இறங்கியிருக்கும் சர்க்கஸ் கூடாரத்தில் கிழிசல் தைக்க நானும் இவரும் போனோம். தாராவியில் எத்தனையோ தார்ப்பாய் தைத்திருக்கிறோம். இவ்வளவு பெரிய துணியைக் கண்டதில்லை. மதியக் காட்சியில் உள்ளே ஒரே வெக்கை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். மேனேஜர் நாணு, "இன்னொருத்தர் விழுந்தா மதியக் காட்சி பந்த்" என்றார். காட்சி நின்றால் சர்க்கஸ் ஆட்களில் பாதிப்பேர் வேலை போய் ஊருக்குப் போகவேண்டியதுதானாம்.

ஏப்ரல் 14

நாணுவின் தாத்தாவும் சர்க்கஸ்காரர். அந்தக் காலத்தில் கூடாரத்தைச் சுற்றி வெட்டிவேர்த் தட்டி கட்டி, தண்ணீர் தெளிப்பார்களாம். குளிர்ச்சிக்கென்றே கூட்டம் வருமாம். இன்று அதேபோல் கட்டினோம். வாசனை அருமை! ஆனால் பம்பாய்க் காற்றே ஈரம். மூன்று மணிக்குள் இட்லிப் பானைபோல் ஆகிவிட்டது.

"தாத்தா நடத்துனது நாக்பூர்ல. இங்க கடலாச்சே" என்று நாணு சிரித்தார். மறுபடி யோசிக்க உட்கார்ந்துவிட்டார். சலிக்காத மனுஷன்.

ஏப்ரல் 15

அந்தரத்தில் தொங்கும் பாரைப் பிடித்து ஆடும் ஷ்யாமளா வந்தாள். "அக்கா, சூடெல்லாம் உச்சியில நிக்குது. வேர்வையில பார் வழுக்குது. கம்பத்தைச் சுத்தி இருக்கிற துணியைத் திறந்து விட்டா?"

"காத்து புகுந்தா கூடாரமே பறந்துரும்" என்றார் நாணு.

ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த குல்லா ஒன்றைத் திறப்புக்கு மேலே இடைவெளி விட்டு மாட்டினால் காற்றைத் தாங்குமே என்றேன். இவர் என் கையைக் கிள்ளினார். "உனக்கு எதுக்குட்டி இதெல்லாம்?"

நாணு ஒருநாள் பார்க்கலாம் என்றார். யார் ஏறுவது? ஷ்யாமளா அதற்குள் கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 17

குல்லாவை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள். கம்பம் கொதித்தது, உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள். எந்த முடிச்சை அவிழ்க்க, எதை விட என்று நான் கீழிருந்து கத்தினேன். ஒரு கால் வழுக்கியது. யா அல்லா— கண்ணை மூடிக்கொண்டேன். என்னால்தானே ஏறினாள்? விழுந்தால்?

"அக்கா, அடுத்தது எது?" என்று குரல் வந்தது.

கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் வட்டமாய் வானம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கூடாரத்தின் அடித்துணி உள்பக்கம் அசைந்து, கணுக்காலில் காற்று பட்டது. நாணு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவள் மேலேயே உட்கார்ந்து குல்லாவை மாட்டிவிட்டுத்தான் இறங்கினாள். என்ன பெண்ணடி நீ!

ஏப்ரல் 19

மதியக் காட்சி. நல்ல கூட்டம். யாரும் மயங்கவில்லை.

மே 4, தாணே

சர்க்கஸ் இங்கே வந்துவிட்டது. பெரிய குல்லா வேண்டும், "அந்தம்மாவையே அனுப்புங்க" என்று நாணு சொல்லிவிட்டார். இவர் கொஞ்சம் முறைத்தார். பிறகு, "போயிட்டு வா. பிள்ளைகளை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

கீழே தைத்தால் அளவு சரிவரவில்லை. இடுப்பில் கயிறு கட்டி, ஷ்யாமளா என்னை மேலே கூட்டிப்போனாள். முதலில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்புறம் ஊசியைத் தவிர எதுவும் நினைவில்லை. கீழே நாணு சுண்டுவிரல் அளவுக்குத் தெரிந்தார்.

இவரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவேண்டும்.