கட்டிலின் அளவு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். உன்னைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்வது போல "நல்லா இருக்கோம்ப்பா" என்றுதான் சொல்வாய், அதனால் இந்த முறை கேட்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி எழுந்தால் எனக்குப் போதும். இங்கே சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மூன்று பேர் வந்து பார்த்தும் நிற்காதது நான் ஒரு தட்டுத் தட்டியதும் நின்றது. "ஒழுகி ஒழுகி அதுக்கே அலுத்துப்போச்சு, உங்க கைராசின்னு நினைச்சுக்காதீங்க" என்றாள் அம்மா. நான்கு மாதத்தில் அவள் என்னைக் கிண்டல் செய்தது அதுதான் முதல் தடவை, அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சின்னப் போர்வையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் அம்மா அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள், நீயும் கேட்க மாட்டாய், அங்கே மழையா இங்கே வெயிலா என்று பேசி இருவரும் வைத்துவிடுகிறீர்கள். முப்பத்தோரு வருடம் பணிமனையில் பேருந்து வந்த நேரம் போன நேரம் எழுதியவன் நான், நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத்தான் தெரியும். ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை என்று நீ போன் செய்த அன்று அம்மா கடைசி வரிசையைத் தைத்து முடித்துக்கொண்டிருந்தாள். வரிசைக்கு ஆறு துண்டு, ஆறு வரிசை, தொட்டிலுக்கென்று முப்பத்தாறு அங்குலச் சதுரம். நீ சிறுவயதில் போட்ட நீலக் கட்டம் போட்ட கவுன், என் பழைய வேலைச் சட்டை, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பின் கிழியாத பகுதி, எல்லாம் அதில் உண்டு. உள்ளே பஞ்சு வைத்து அடித்துணி சேர்ப்பதுதான் பாக்கி. நீ என்னிடம் கடைசியாக, "இனிமே அதத் தைக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா" என்றாய். சொன்னேன். அவள் ஊசியைக் குத்திவைத்து, துணியை நாலாக மடித்து, அலமாரியின் கீழ்த்தட்டில் கம்பளிக்கு அடியில் வைத்தாள்.

பதினேழு நாள் யாரும் அதைத் தொடவில்லை. பதினெட்டாம் நாள் நான் ஒரு தப்புச் செய்தேன். நீ தைக்க வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னாய், பிரித்தே விடுவது நல்லது என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். மறுபடி வெறும் துணியாகிவிட்டால் அவள் மனசு லேசாகும் என்று ஒரு கணக்கு. அவள் மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளேடால் தையலைப் பிரித்து, மேல் வரிசையின் ஆறு துண்டுகளையும் தனித்தனியாக எடுத்து அடுக்கிவிட்டேன். இரண்டாவது வரிசையில் கைவைக்கும்போது வந்துவிட்டாள். திட்டுவாள் என்று இருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பிறகு ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினாள். ஓரம் நெடுக ஊசி போன துளைகள், ஒவ்வொன்றிலும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். "நூலத்தானே உங்களால உருவ முடிஞ்சுது, இத என்ன பண்ணுவீங்க?" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள், நீ போன் செய்த அன்றுகூட அழாதவள்.

மறுநாள் முதல், பிரித்த ஆறையும் அதே துளைகள் வழியாகவே கையால் சேர்க்க ஆரம்பித்தாள். அதற்கே மூன்று நாள் ஆயிற்று. அவளுக்கு இப்போது ஊசிக் காது தெரிவதில்லை, நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. "பஸ்ஸ சரியா விட்டவருக்கு இந்த ஓட்டைக்குள்ள ஒரு நூல விடத் தெரியல" என்று, குழாய்க்குப் பிறகு இப்போது அதற்கும் ஒரு பேச்சு. சேர்த்து முடித்ததும் மறுபடி அலமாரிக்குப் போகும் என்று நினைத்தேன். ஆனால் ஒரு நாள் நாங்கள் இருவரும் அந்த வழியாகப் போகும்போது தெருமுனைத் தையல்காரர் கூப்பிட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. ஒரு பை நிறைய மஞ்சள் துணித் துண்டுகளை நீட்டி, "பாப்பாவுக்குன்னு ஒதுக்கி வச்சேம்மா, நீங்க வரவே காணோமே" என்றார். நான் முந்திக்கொண்டு சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா, "குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் போய், "குழந்தை இல்லண்ணே, போயிடுச்சு. துணி வீணாகாது" என்று தானே சொன்னாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

அந்த மஞ்சளை வைத்துச் சின்னச் சதுரத்தைச் சுற்றி ஆறு அங்குலத்தில் ஒரு சுற்றுச் சேர்த்தாள். பிறகு வெள்ளையில் ஒரு சுற்று. பிறகு நீலத்தில் ஒன்று. நடுவில் இருப்பது அப்படியே நடுவில் இருக்கிறது. புதிதாக வேறு ஒன்று தைக்கலாமே என்றேன். "புதுசா ஒண்ணு தைச்சா இது எங்க போகும்?" என்று கேட்டுவிட்டுத் தைத்துக்கொண்டே இருந்தாள். யாருக்கு என்றதற்கு, ரெண்டு பேர் போத்திக்கிற அளவுக்கு வேணும் என்றாள், யார் அந்த ரெண்டு பேர் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது எழுபத்திரண்டு அங்குலத்துக்கு வந்து நிற்கிறது. கூடம் முழுக்க விரித்துப் போட்டிருப்பதால் எனக்குச் சாப்பாடு அடுக்களையில் நின்றபடிதான். எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. உங்கள் கட்டில் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று கேட்க வேண்டும், அதைக் கேட்டால் எல்லாவற்றையும் கேட்டது போல் ஆகிவிடும் என்று பயப்படுகிறாள். போன ஞாயிறு போனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாயெடுத்தாள், இரண்டு தடவையும் மழையைப் பற்றித்தான் கேட்டாள்.

அதனால் நான் கேட்கிறேன். மாப்பிள்ளையிடம் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி உங்கள் கட்டிலை அளந்து எழுது. இரண்டு எண் எழுதினால் போதும், வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். அந்தப் போர்வையைப் பார்க்க இப்போது தாங்காது என்றால் எழுதவே வேண்டாம், நான் புரிந்துகொள்வேன், எங்கள் கட்டிலுக்கு அளவெடுத்து அதோடு நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். பிரித்தது நான்தான் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். நடுச் சதுரத்தின் மேல் வரிசையில் தடவிப் பார்த்தால் தையல் கொஞ்சம் தடித்திருக்கும், அது அவள் கைக்குறை அல்ல.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளை பேசாமல் இருந்தால் வருத்தமில்லை என்று நினைத்துவிடாதே, ஆண்பிள்ளைகளுக்குப் பேச்சு வரச் சில நாள் பிடிக்கும், என்னைப் பார்த்தாயல்லவா. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட நாள் நலமாக வாழ வேண்டும். இருவருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

உன் வீட்டில் அளவு நாடா இருக்காது என்று அம்மாவுடையதை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாள், பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அளந்ததும் திருப்பி அனுப்பு, அது வரும் வரை அவளுக்கு வேலை ஓடாது.